மருந்து செய்தவர், வாங்கியவர், முதுகில் சுமந்தவர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மேலே நீங்கள் கேட்டிருப்பது, அறிவியலுக்கு எல்லை போடலாமா, போட்டால் முன்னேற்றம் நின்றுவிடாதா என்பது. ஆனால் நடுவில் சில வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் களைக்கொல்லி மருந்து அடித்தவர், இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. நீங்கள் வேதியியல் படித்து முடிக்கப் போகிறீர்கள், களைக்கொல்லி செய்கிற ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. கூடப் படிக்கும் நண்பர், 'கத்தி செய்தவன் கொலைக்குப் பொறுப்பில்லை, கண்டுபிடிப்பதோடு விஞ்ஞானியின் வேலை முடிந்தது' என்கிறார். ஆக, பாட்டியின் கைக்கு யார் பதில் சொல்வது, அந்த ஆட்களோடு நானும் போய்ச் சேரலாமா என்பதுதான் உங்கள் மனசில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. குளுவாங் பக்கத்தில் 1978 முதல் 2011 வரை தோட்ட ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவன். சனங்களுக்கு அது என்றைக்கும் டிரசர் வேலைதான், இன்றைக்கும் சந்தையில் பார்க்கிறவர்கள் டிரசர் ஐயா என்றே கூப்பிடுகிறார்கள். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, முள் குத்திய கண், எல்லாவற்றுக்கும் முதலில் வருகிற இடம் எங்கள் கிளினிக். அதனால் ஆய்வுக்கூடத்துக்குள் என்ன நடக்கும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அங்கிருந்து கிளம்பிய பொருள் உடம்பில் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் அந்தக் கத்தி. எல்லாரும் சொல்கிற உவமை, கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் கத்தி என்ன செய்யும் என்று செய்தவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும், எதிரில் நிற்கிறவனுக்கும் தெரியும். களைக்கொல்லி அப்படி இல்லை. அது உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்ற அறிவு பெரும்பாலும் செய்தவரிடம் மட்டும் இருக்கிறது. வாங்குகிறவர் தோட்ட நிர்வாகம், அவருக்கு லேபிளில் இருக்கிற அளவுக்குத் தெரியும். முதுகில் சுமந்து அடிக்கிற பெண்ணுக்கு, கங்காணி சொன்ன இரண்டு வார்த்தை தெரியும். அவர் அதை வாங்கவும் இல்லை, வேண்டும் என்று கேட்கவும் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டு அனுப்பினார்கள், போனார். கத்திக் கதையில் உங்கள் நண்பர் பொறுப்பு பேசுவது செய்தவன், குத்தியவன் என்று இரண்டு பேரைப் பற்றித்தான். இதில் மூன்று பேர், அந்த மூன்றாவது ஆள்தான் கதையில் காணாமல் போகிறார். உங்கள் நண்பரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பாட்டி அடித்தது அநேகமாகப் பாரகுவாட்டாக இருக்கும், கிராமோக்ஸோன் என்று டின்னில் போட்டிருக்கும். அது கெட்ட எண்ணத்தில் பிறந்த பொருள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். மேய வந்த மாடு செத்தது, ஆட்களுக்கும் விஷம் ஏறியது. பாரகுவாட்டின் களைக்கொல்லிக் குணத்தை இங்கிலாந்தில் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1955இல் கண்டார்கள், 1962 வாக்கில் விற்பனைக்கு வந்தது. மண்ணில் பட்டதும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போய்விடும், பச்சை இலையை மட்டும் சில மணி நேரத்தில் கருக்கும், மரத்தின் வேரைத் தொடாது. பாஷாணத்தோடு ஒப்பிட்டால் அன்றைக்கு அது நல்ல செய்திதான். அதைக் கண்டுபிடித்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் கணக்கு தொடங்குவது அதற்கு அப்புறம்.

உடம்பில் அது செய்வதில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். வாய்வழியாகப் போனால், கொஞ்சமாகப் போனாலும், அது நுரையீரலைத் தேடிப் போய்ச் சேர்கிறது. நுரையீரல் செல்கள் தங்களுக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று நினைத்து அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே அது ஆக்சிஜனோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வினைபுரிந்து திசுவை எரிக்கிறது, தப்பிய நுரையீரல் தழும்பாகி இறுகிவிடுகிறது. இந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதுதான் எங்களுக்குக் கைப்பழக்கம், ஆனால் இதில் அவசரப்பட்டு ஆக்சிஜன் கொடுத்தால் கேடு கூடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிற ஆளின் பக்கத்தில் சிலிண்டரை வைத்துக்கொண்டு திறக்காமல் நின்ற இரவு எனக்கு ஒன்று உண்டு. அவர் நாலாவது நாள் போய்விட்டார். இது எல்லாம் நிச்சயம்.

அடிக்கிறவர்களுக்கு வருவதும் நிச்சயம்தான்: நகம் வெளுத்து, கோடு விழுந்து, சில பேருக்குக் கழன்றே விழும், மூக்கில் ரத்தம் வரும், பம்பு கசிந்து நனைந்த முதுகிலும் தொடையிலும் புண் வரும், கண்ணில் தெறித்தால் கருவிழி கெடும். காரணம் கஷ்டமில்லாதது. முதுகுப் பம்பில் தண்ணீரோடு சேர்த்து இருபது கிலோவுக்குக் கிட்ட இருக்கும். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் காற்று நகராது. கையுறை, முகமூடி, ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் நாள் முழுக்க நடந்து பாருங்கள், பத்து மணிக்கு முகமூடி கழுத்துக்கு இறங்கிவிடும். 'பாதுகாப்பு உடை போட்டால் ஆபத்தில்லை' என்று ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால், அந்த உடையைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் மனுஷனால் வேலை செய்ய முடியுமா என்பதும் அந்தப் பொருளைப் பற்றிய கேள்விதான். குளிர் நாட்டு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேள்வி எழாது.

இதில் ஒரு சொல்லைப் பற்றி யோசித்திருக்கிறேன். நான் கிளினிக்கில் கொடுப்பதும் மருந்து, அவர்கள் காட்டில் அடிப்பதும் மருந்து. மலாய்க்காரர் அதை ராச்சுன் என்கிறார், அதாவது விஷம், நேராகச் சொல்லிவிடுகிறார். நாம் மருந்து என்று சொல்லிப் பழகியதில் அது ஏதோ வைத்தியம் மாதிரி வீட்டுக்குள் வந்துவிட்டது. காலி டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகள் லயத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், வீடு வீடாகப் போய் ஓட்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, யார் பொறுப்பு? என்னையும் அதில் சேர்த்தே சொல்கிறேன். எண்பதுகளில் மூக்கில் ரத்தம் வந்து பெண்கள் கிளினிக்குக்கு வருவார்கள். மூக்கைப் பிடித்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வைத்து, பனிக்கட்டி வைத்து, ரத்தம் நின்றதும் ரெஜிஸ்டரில் 'மூக்கு ரத்தம், சிகிச்சை, வேலைக்குத் திரும்பலாம்' என்று எழுதுவேன். வருஷக்கணக்காக எழுதினேன். ஒரு நாள் மழைக்காலம், கூட்டமில்லை, பழைய ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரே பெயர்கள். எல்லாரும் மருந்து அடிக்கிற கூட்டம். ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தப் பக்கங்களில் மூக்கு ரத்தத்துக்கு இல்லை. என் கையெழுத்திலேயே இருந்தது, ஆனால் நான் கூட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மூக்கையும் தனித்தனியாக நிறுத்திக்கொண்டிருந்தேன். பார்த்த பிறகு எழுதி மேலே அனுப்பினேன், பதில் வரவில்லை, மறுபடி அனுப்பினேன், சுழற்சி முறையில் ஆளை மாற்றச் சொல்லி வாய்மொழியாக ஒரு உத்தரவு வந்தது, அவ்வளவுதான். அந்த முந்தைய வருஷங்கள் என் பொறுப்பு. இதை உங்களுக்கு எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் இந்தப் பொறுப்பு என்பது எங்கோ ஒரு பெரிய விஞ்ஞானியின் தலையில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. யாரிடம் கணக்கு வந்து சேர்கிறதோ அவரிடமும் அது வந்து சேர்கிறது.

இதை வைத்து அறிவியலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தி வைப்பதிலும் உயிர் போகும். நம்ம ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது, தமிழர்களுக்கு அதில் பங்கும் உண்டு, ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் ஆளை அள்ளிக்கொண்டு போனது. கால் வீங்கும், நடக்க முடியாது, இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களைத்தான் அதிகம் தாக்கியது. சிரம்பானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். சீனர்கள் சயாமிலிருந்து வருகிற தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிடுகிறார்கள், நோய் வருகிறது. மலாய் கிராமத்தார் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவாக வருவதில்லை. தோட்டத்துத் தமிழர்கள் புழுங்கல் அரிசி சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கும் வருவதில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது, இன்றைக்கு அதை வைட்டமின் பி1 என்கிறோம். நம் பாட்டிமார் கப்பலேறி வந்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சமையல் பழக்கம் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு வழி காட்டியிருக்கிறது.

ஆனால் அதை நிரூபித்த விதத்தைப் பாருங்கள். 1905 கடைசியில் பிளெட்சர் என்ற டாக்டர், கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் இன்னொன்றுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவரும் சாகவில்லை. அதற்கு அப்புறம் பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் டிப்புஸ் காட்டுப் பக்கம் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாக்காரத் தொழிலாளிகளிடம் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் வந்தது, அரிசியை மாற்றியதும் நின்றது. அதிலிருந்து கிடைத்த அறிவு பிறகு எண்ண முடியாத உயிரைக் காப்பாற்றியது, அது நிச்சயம். அரிசிதான் காரணமா என்பது அன்றைக்கு டாக்டர்களுக்குள்ளேயே தீராத சண்டையாக இருந்தது, ஆகவே தெரிந்தே கொன்றார்கள் என்று சொல்ல முடியாது, அதுவும் நிச்சயம். ஆனாலும் எனக்கு ஒன்று நெருடிக்கொண்டே இருக்கிறது: சந்தேகத்தைத் தீர்க்க உடம்பு கொடுத்தது யார்? மனநோய் ஆஸ்பத்திரியில் அடைபட்டவர்கள், காட்டுக்குள் ஒப்பந்தத்தில் வந்த கூலிகள். வெளியே எழுந்து போக முடியாதவர்கள். எழுந்து போகக்கூடிய ஒரு கவர்னர் குடும்பத்துக்கு அந்த அரிசியை அளந்து கொடுத்திருப்பார்களா? 1947இல் நியூரம்பர்க் நெறிகள் வந்தன, 1964இல் ஹெல்சிங்கி அறிக்கை வந்தது. சம்பந்தப்பட்டவர் விளங்கிக்கொண்டு சம்மதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். இன்று அந்த மாதிரி ஆய்வுக்கு எந்தக் குழுவும் கையெழுத்துப் போடாது.

நான் எல்லை என்று நினைப்பது இங்கேதான் இருக்கிறது. எதைக் கண்டுபிடிக்கலாம், எதைக் கூடாது என்று பட்டியல் போட என்னால் முடியாது, போடுகிறவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் ஒரு புதுப் பொருளில் இன்னும் தெரியாத பகுதி எப்போதும் கொஞ்சம் இருக்கும், அந்தத் தெரியாத பகுதியை யார் தலையில் இறக்குகிறோம் என்பதை யாரும் எந்தக் காலத்திலும் கேட்கலாம், கேட்டால் பதில் கிடைக்கும். மறுத்துப் பேச முடியாதவர் தலையில் இறங்குகிறது என்றால் அங்கே நிறுத்த வேண்டும். கணக்கு வைத்துப் பார்க்க ஆளில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். மருந்து ஆய்வில் இந்த எல்லை வந்துவிட்டது. தோட்டத்தில் மருந்து அடிப்பதை யாரும் ஆய்வு என்று சொன்னதில்லை, அதனால் சம்மதமும் கேட்கவில்லை. ஆனால் இருபது வருஷம் ஒரே பொருளைத் தோலில் வாங்கிக்கொண்ட உங்கள் பாட்டிதான் உண்மையில் அந்த நீண்ட கால ஆய்வு, குறிப்பெடுக்க ஆளில்லாத ஆய்வு.

நல்லபடியாகச் செய்ததற்கும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், அதுவும் எங்கள் குளுவாங்கிலேயே நடந்தது. செம்பனையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. இங்கே பழம் சரியாகப் பிடிப்பதில்லை, காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று நம்பி, அது போதாததால் கையாலேயே செய்தார்கள். ஆண்பூவிலிருந்து தூளை உதிர்த்து, காயவைத்து, டால்கம் தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூ விரிந்திருக்கிறதா என்று மட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து ஊத வேண்டும். பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், அதனால் ஓயாமல் சுற்ற வேண்டும். என் அம்மா அந்த வேலைதான் செய்தார். முன்கை முழுக்க மட்டை முள் கிழித்த கோடுகள், முடியில் வெள்ளைத் தூள், கிட்டே வந்தால் லேசாகச் சோம்பு வாசனை. செம்பனைப் பூவுக்கு அந்த வாசனை உண்டு.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் யாரும் ஊதாமலே பழம் பிடிக்கிறதே என்று கேட்டு, சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே போய் ஆராய்ந்தார். காரணம் ஒரு சின்னக் கூன்வண்டு, எலைடோபியஸ் கமெருனிக்கஸ் என்று பெயர், நெல்மணியைவிடச் சின்னது. ஆண்பூவில் முட்டையிட்டு வாழ்கிறது, சோம்பு வாசனைக்கு மயங்கிப் பெண்பூவுக்கும் போய்த் தூளைக் கொட்டுகிறது. கண்டுபிடித்ததும் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து திறந்துவிடவில்லை. அந்நியப் பூச்சியை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. மற்ற பயிர்களில் வைத்துப் பார்த்து, செம்பனையின் ஆண்பூவை விட்டால் அது வேறெதிலும் பெருகாது என்று உறுதியான பிறகு, தனிமைப்படுத்தி வைத்து, அரசாங்க அனுமதியோடு, 1981 பிப்ரவரியில் இங்கே பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. பழம் நெருக்கமாகப் பிடித்தது, கையால் ஊதும் வேலையே இல்லாமல் போனது. இன்றுவரை அந்த வண்டு நமக்கு நல்லதுதான் செய்துகொண்டிருக்கிறது. முன்னால் யோசித்து, மெதுவாகச் செய்தால் முன்னேற்றம் நின்றுவிடும் என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த வண்டைத்தான் காட்டுவேன்.

ஆனால் கதையை அங்கேயே முடித்தால் அம்மாவை விட்டுவிட்டுப் போனதாகிவிடும். ஊதுகிற வேலை போனதும் அந்தக் கூட்டத்துப் பெண்களை என்ன செய்வது என்று எங்கள் தோட்டத்தில் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. களை எடுக்கக் கொஞ்சம் பேர், மற்றவர்கள் மருந்து அடிக்க. அம்மா மருந்துக்குப் போனார். சோம்பு வாசனை போய்விட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் வலது கட்டைவிரல் நகம் குறுக்கே வெடித்து, மஞ்சளாகி, பாதியோடு நின்றுவிட்டது. கடைசிவரை அது முழுசாக வளரவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும்போது அந்த விரலை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தடவுவார். வண்டைக் கொண்டுவந்தவருக்கு இதில் பழியில்லை, அவர் தன் பங்கை மிகக் கவனமாகச் செய்தார். ஆனால் வண்டு மற்ற பயிரைத் தின்னுமா என்று அத்தனை சோதனை செய்த ஏற்பாட்டில், வண்டு யாருடைய வேலையைத் தின்னும், அந்த ஆள் அடுத்து எங்கே போவார் என்ற ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தால் பெரிய செலவாகியிருக்காது. அது விஞ்ஞானி தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் அவரோடு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியது.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சட்டம் வரும், ஆனால் தாமதமாக வரும். சுவீடன் 1983லேயே பாரகுவாட்டை நிறுத்தியது. இங்கே பெண் தொழிலாளிகளுக்காக வேலை செய்கிற தெனகனிதா அமைப்பு தோட்டத்துப் பெண்களிடம் நேரில் போய் ஆய்வு செய்து 2002இல் அறிக்கை வெளியிட்டது, அதே வருஷம் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது, 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது, கடைசியில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. முதல் அறிவிப்பிலிருந்து எண்ணினால் பதினேழு வருஷத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையில் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தங்கள் வயலில் அடிக்கக் கூடாது, அடுத்தவன் தோட்டத்தில் அடிக்கலாம். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. நிறுத்தினால் விவசாயம் படுத்துவிடும் என்று சொன்னது நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்கொரியாவும் இலங்கையும் நமக்கு முன்னால் நிறுத்தின, விஷம் குடித்துச் சாகிறவர்கள் எண்ணிக்கை இரண்டு நாட்டிலும் தெளிவாகக் குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

இப்போது சந்தேகமான பகுதி. பாட்டியின் கைநடுக்கம் பாரகுவாட்டால் வந்ததா? பார்க்கின்சன் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆய்வுக்கூட விலங்குகளில் மூளை நரம்பைக் கெடுப்பதும் தெரிகிறது. ஆனால் அடித்தவருக்கு அதனால்தான் நோய் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்லும் நிலைக்கு ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனதாக வரவில்லை. அமெரிக்காவில் இதற்காக ஆயிரக்கணக்கில் வழக்குகள் இருக்கின்றன, தயாரிப்பாளர் தரப்பு மறுக்கிறது. ஒரு தனி ஆளை எடுத்துக்கொண்டால் இன்னும் கஷ்டம். வயசானால் வருகிற நடுக்கம் உண்டு, தைராய்டால் வருவதுண்டு, சில மாத்திரையால் வருவதுண்டு. ஆகவே பாட்டியை ஈப்போ பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்குகிறதா, தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போது நடுங்குகிறதா என்று வீட்டில் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, என்ன பெயர் போட்ட டின், வாரத்தில் எத்தனை நாள் என்பதைப் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு அதையும் எழுதிக் கொடுங்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் 'தோட்ட வேலை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அதே மாதிரி, பாரகுவாட் போய் அந்த இடத்துக்கு வந்த மற்ற களைக்கொல்லிகளைப் பற்றியும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கிளைபோசேட்டை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது, ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. குடித்தால் கொல்கிற வேகத்தில் அது பாரகுவாட்டுக்குக் கிட்டேகூட வராது, அது நிச்சயம். இருபது வருஷம் அடித்தால் என்ன என்பதில்தான் சண்டை. அந்த இருபது வருஷத்தை இப்போது உடம்பில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த பையன்கள். நம் பெண்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பம்பு அடுத்த முதுகுக்கு மாறியிருக்கிறது. அந்தப் பையன்கள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள், நடுக்கம் அங்கே போய் வரும், இங்கே எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது.

வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் போகாவிட்டால் அந்த நாற்காலி காலியாக இருக்கப் போவதில்லை, பாட்டியின் கையைப் பார்த்திராத ஒருவர் உட்காருவார். ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். பாரகுவாட்டைக் குடித்தால் உடனே வாந்தி வரட்டும் என்று அதில் ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அந்த அளவு போதாது, அதற்கு ஆதாரமாகக் காட்டிய தகவலே சரியில்லை என்று, 1990இல் அதைத் தயாரித்த ஐசிஐ நிறுவனத்துக்குள்ளேயே வேலை செய்த நச்சியல் அறிஞர் ஜான் ஹெய்லிங்ஸ் மேலிடத்துக்கு எழுதினார். அவர் எழுதியது 2021இல்தான் வெளியே வந்தது. நிறுவனம் அவர் சொல்வதை ஏற்கவில்லை, அளவைக் கூட்டியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும் என்பதும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் அவர் எழுதினார், தேதியோடு எழுதினார், முப்பது வருஷம் கழித்தும் அது இருந்தது. கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்தது என்கிற உங்கள் நண்பரிடம், இவர் செய்தது அவர் வேலையா இல்லையா என்று கேளுங்கள். நீங்களும் வேலைக்குச் சேருகிற முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: தப்பாக ஏதாவது கண்ணில் பட்டால் யாருக்கு எழுதுவது, எழுதியதற்கு நகல் எங்கே இருக்கும், பதில் வராவிட்டால் அடுத்து யார். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாத இடமாக இருந்தால், சம்பளம் எவ்வளவு வெள்ளியாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காலை நேரம் ஒதுக்க முடிந்தால் குளுவாங்குக்கு வாருங்கள். வேலைக் கூட்டத்தை மேய்க்கிற மண்டோர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், நல்ல மனுஷர், அடிக்கிற கூட்டத்தோடு உங்களை விடுவார். பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு வரிசையின் கடைசிவரை நடந்து பாருங்கள். ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும், பசியாறிவிட்டே வாருங்கள், ஏழு மணிக்கெல்லாம் அவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள்.